மடக்குக் குச்சியின் அளவும் மஞ்சள் ஓட்டின் திசையும்: மதுரையில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையின் நடைபாதைகளுக்கும், நகரப் பேருந்துகளுக்கும், மாற்றுத்திறனாளிகள் நலத்திட்டங்களுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

பார்வையற்ற ஒருவரை முகாமில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, பெயர் கூப்பிட்டு, ஒளிரும் மடக்குக் குச்சியைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்ததும் பயனாளிகள் கணக்கில் ஒன்று கூடிவிடுகிறது. அந்தக் குச்சி அன்று மாலையிலிருந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்து பில் பாஸானதும் அது 'மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த நடைபாதை' ஆகிவிடுகிறது. அந்த ஓட்டை நம்பி நடந்தவர் டிரான்ஸ்பார்மர் மேடையில் போய் முட்டுகிறார். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். பொருள் வாங்கப்படுகிறது; அது யாருக்கு, எந்த அளவில், எந்தத் திசையில் வேலை செய்யும் என்று பார்க்க ஆள் இல்லை.

இதை எழுதும் எங்களில் பார்வையற்றவர்களும், குறைபார்வை உள்ளவர்களும், நடமாட்டப் பயிற்சி தருபவர்களும் இருக்கிறோம். திங்கட்கிழமை மனு கொடுத்து ரசீது வாங்கிப் பழகியவர்கள்தான். மனுத்தாளில் இடம் போதாத விவரங்களை இங்கே எழுதுகிறோம்.

முதலில் குச்சி.

இந்த மடக்குக் குச்சி, அதாவது வெண்கோல், ஊன்றுகோல் இல்லை. ஊன்றி நடப்பதற்கு இடுப்பளவுக் கோல் போதும். தரையைத் தொட்டறிந்து நடப்பதற்கான கோல், நிமிர்ந்து நிற்பவரின் நெஞ்செலும்பு முடிகிற இடம்வரை எட்ட வேண்டும். 152 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 110 செ.மீ.; 172 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆணுக்கு ஏறக்குறைய 125 செ.மீ. எட்டி நடப்பவருக்கும் வேகமாக நடப்பவருக்கும் இன்னும் 5 செ.மீ. சேர்க்கலாம். முகாமிலோ இருவருக்கும் ஒரே பெட்டியிலிருந்து ஒரே அளவுக் குச்சி வருகிறது.

குச்சி குட்டையானால் என்ன ஆகும்? சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகர்கிறார். குச்சியின் முனை தடையைத் தொட்டு, அது கைக்குத் தெரிந்து, கால் நிற்பதற்குள் உடம்பு ஒரு காலடி முன்னே போயிருக்கும். அளவான குச்சியில் அந்த ஒரு காலடி மிச்சம் இருக்கிறது. குட்டைக் குச்சியில் இல்லை. முனை பள்ளத்தை உணரும்போது முன்னங்கால் பள்ளத்துக்குள் இருக்கும். அதை ஈடுகட்ட அவர் குனிந்து நடக்கிறார். குனிந்தால் முதுகு வலிக்கிறது, தலை முன்னுக்கு வருகிறது, தாழத் தொங்கும் பெயர்ப்பலகை நெற்றியில் இடிக்கிறது. இரண்டு தடவை இடிபட்டதும் குச்சி ஆணிக்குப் போகிறது. பயனாளி 'பயன்படுத்த விருப்பமில்லாதவர்' ஆகிவிடுகிறார்.

அளவு சரியாக இருந்தாலும் பயிற்சி இல்லாமல் பயனில்லை. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் 1940-களில் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. கைகுலுக்குவது போலப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் கோலின் மேல் நீட்டி, கையைத் தொப்புளுக்கு நேரே நடுவில் வைக்க வேண்டும். அசைய வேண்டியது மணிக்கட்டு மட்டும். தோள் அசையக் கூடாது. முனை இடமும் வலமுமாகத் தோள் அகலத்தைவிட இரு பக்கமும் 5 செ.மீ. வெளியே தொட வேண்டும். நடுவில் தரையிலிருந்து 2, 3 செ.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது. எழும்பினால் சின்னக் கல்லும் வாசற்படியும் தப்பிவிடும். வலக்கால் முன்னே போகும்போது முனை இடப்பக்கம் தொட வேண்டும், இடக்கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த கால் விழப்போகிற இடத்தை முனை முன்கூட்டியே பார்த்து வைக்கிறது என்பதுதான் இதன் உயிர். கால் போகிற பக்கமே முனையும் போனால், ஒவ்வொரு காலடியும் பார்க்காத இடத்தில்தான் விழும். கை நடுவிலிருந்து விலகி இடுப்போரம் ஒதுங்கினால் வீச்சு ஒரு பக்கம் சாய்ந்து, ஆளும் அந்தப் பக்கமே சாய்ந்து சாய்ந்து சாலைக்குள் இறங்கிவிடுவார். பயிற்றுநர் பின்னால் நடந்து வந்தால்தான் இந்தப் பிழைகள் தெரியும். துண்டுப் பிரசுரம் கொடுத்து இதைக் கற்பிக்க முடியாது.

படி ஏறும்போது கோலைச் செங்குத்தாகப் பிடித்து, முனை அடுத்த படியின் விளிம்பில் தட்டியபடி வர ஏற வேண்டும். தட்டாமல் கோல் வீசிப் போனால் படி முடிந்துவிட்டது. இறங்கும்போது முனை அடுத்த படியின் விளிம்புக்கு வெளியே தொங்கி வரும். அது தரையில் பட்டால் இன்னும் ஒரே படி. இவ்வளவையும் தெருவில், சத்தத்தில், மழைக்குப் பிறகு, கூட்டத்தில் என்று பழக, ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் வீதம் ஒரு மணி நேர வகுப்புகள் 30 முதல் 40 வரை தேவைப்படும் என்பது எங்கள் கணிப்பு. பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கும் 55 வயதில் இழந்தவருக்கும் ஒரே பாடத்திட்டம் ஒத்துவராது.

குச்சியின் முனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்சில் போல மெல்லிய முனை பேவர் பிளாக் இடுக்குகளில் சிக்குகிறது. சிக்கினால் கைப்பிடி வயிற்றில் குத்துகிறது. நம் ஊர்த் தரைக்கு உருளும் முனை அல்லது தடித்த காளான் வடிவ முனைதான் சரி. நைலான் முனை தேயும். உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு தளரும். தளர்ந்தால் குழாய் இணைப்புகள் ஆடி, தரையின் செய்தி கைக்கு வராது. எங்கள் வட்டாரத்தில் மாற்று முனையும் கயிறும் முகாமில் தரப்பட்டதாக நாங்கள் அறியவில்லை. ஐ.ஐ.டி. டெல்லியில் உருவாகி 2014-ல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் முழங்காலுக்கு மேலுள்ள தடைகளை மீயொலியால் கண்டு அதிர்வால் சொல்லும், நல்ல கருவி. ஆனால் அது வெண்கோலின் கைப்பிடியில் பொருத்துவது. அடியில் உள்ள கோலைப் பிடிக்கத் தெரியாதவருக்கு மேலே உள்ள கருவியால் என்ன ஆகப்போகிறது?

அடுத்தது ஓடு.

தொடுஉணர் ஓடுகள் இரண்டு வகை. நீளக் கோடுகள் மேடாக இருப்பது வழிகாட்டும் ஓடு. கோடு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நட என்று பொருள். புள்ளிகள் மேடாக இருப்பது எச்சரிக்கை ஓடு; நில், இங்கே ஏதோ மாறுகிறது என்று பொருள். அளவு 300 × 300 மி.மீ. மேட்டின் உயரம் 5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் செருப்புக் காலுக்குத் தெரியாது. ஒன்றிய அரசின் 2021-ம் ஆண்டு அணுகல் வழிகாட்டுதல்கள் இதையெல்லாம் படம் போட்டுச் சொல்கின்றன: நடைபாதை விளிம்பு, மதில், தடை எதிலிருந்தும் 600 முதல் 800 மி.மீ. தள்ளி வழிகாட்டும் ஓடு ஓட வேண்டும். படிக்கட்டு, சாய்தளம் தொடங்குவதற்கு 300 மி.மீ. முன்பே எச்சரிக்கை ஓடு வர வேண்டும். பாதை திரும்பும் இடத்தில் எச்சரிக்கை ஓடு வைத்துத் திருப்ப வேண்டும்.

தெருவில் நாங்கள் காண்பது வேறு. புள்ளி ஓடும் கோட்டு ஓடும் ஒரே மஞ்சள் என்பதால் லாரியில் எது வந்ததோ அதைப் பதித்துவிடுகிறார்கள். தெரு நெடுகப் புள்ளி ஓடு போட்டால், அடிக்கு அடி 'நில், நில்' என்று சொல்வதாகும். கோட்டு ஓட்டை 90 டிகிரி திருப்பிப் பதித்தால் 'சாலைக்குள் போ' என்று சொல்வதாகும். இது கொத்தனார் குற்றமில்லை. அவருக்கு யாரும் பொருள் சொல்லவில்லை. மதில் ஓரம் ஒட்டிப் போட்டால் குச்சி வீச இடமில்லை. விளிம்பு ஓரம் போட்டால் நிறுத்திய பைக்கின் ஹேண்டில்பார் இடுப்பில் குத்துகிறது. பளபளப்பான செராமிக் ஓடு முதல் மழையிலேயே வழுக்குகிறது. பசை வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் பொத்தான்கள் வெயிலில் பெயர்ந்து, ஒரு வரிசை இருக்கிறது, அடுத்த வரிசை இல்லை. மேன்ஹோல் மூடி வந்தால் ஓடு அங்கேயே நின்றுபோகிறது. கேபிள் போடத் தோண்டுகிறவர்கள் மூடும்போது ஓடுகளைக் கைக்கு வந்தபடி வைக்கிறார்கள். சரியாகப் போட்ட பாதை ஒரே இரவில் பொய் சொல்லத் தொடங்குகிறது. தப்பான ஓட்டைவிட ஓடே இல்லாத சிமெண்ட் தரை எவ்வளவோ மேல். அங்கே நாங்கள் எதையும் நம்பாமல் நடக்கிறோம்.

சாய்தளத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. நல்லெண்ணம் உள்ள பொறியாளர்கள்கூட இதைத் தவறவிடுகிறார்கள். சக்கர நாற்காலிக்காக நடைபாதை விளிம்பைச் சாலை மட்டத்துக்கு இறக்குகிறீர்கள். வேண்டியதுதான். ஆனால் வெண்கோலோடு வருபவருக்கு அந்த விளிம்பின் 15 செ.மீ. இறக்கம்தான் 'இதோ சாலை' என்று சொன்ன ஒரே அடையாளம். அதை எடுத்துவிட்டு எச்சரிக்கை ஓடு வைக்காவிட்டால், அவர் தெரியாமலே வண்டிகளுக்கு நடுவே போய் நிற்பார். ஒருவருக்குக் கொடுத்து மற்றவரிடம் பறிக்க வேண்டிய தேவையே இல்லை. சாய்தளத்தின் முழு அகலத்துக்கும் இரண்டு வரிசைப் புள்ளி ஓடு போதும்.

இந்த ஊரின் பழைய நகரம் நடமாட்டப் பயிற்சிக்கு ஒரு வரம் என்பதைப் பயிற்றுநர்கள் எல்லோரும் சொல்வார்கள். கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள். ஒவ்வொன்றின் பெயரிலும் திசை. கோயிலை வலப்பக்கம் வைத்து நடந்தால் வருகிற மூலை எல்லாமே வலது திருப்பம். காலையில் வடக்கு மாசி வீதியில் வெயில் முகத்தில் அடித்தால் கிழக்கே போகிறோம்; திரும்பியதும் வெயில் இடக்கன்னத்துக்கு வந்தால் கீழ மாசி வீதிக்குள் நுழைந்தாயிற்று, மளிகைக் கடை வாசமும் அதையே சொல்லும். மனதில் வரைபடம் வரைய இதைவிட எளிய நகரம் கிடைக்காது. இதே வீதிகளில் கடையின் முன்படி, சரக்கு மூட்டை, தள்ளுவண்டி, இரண்டு வரிசை பைக் என்று நடைபாதையே இல்லாமல் செய்துவிட்டு, அதன் பிறகு தொழில்நுட்பம் கொண்டுவந்து எங்களுக்கு வழிகாட்டப் பார்ப்பது வேடிக்கைதான். திருவிழாக் காலத்தில் பந்தல் கயிற்றைச் சாய்வாக இழுத்து நடைபாதையில் முளை அடிக்கிறார்கள். கயிற்றின் கீழ்ப்பாகம் குச்சிக்குத் தெரியும். மேல்பாகம் கழுத்தில் படும்போதுதான் தெரியும்.

சாலை கடப்பது எப்படி என்று பார்வையுள்ள அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் விளக்கைக் கேட்பதில்லை, வண்டிகளைக் கேட்கிறோம். விளிம்புக்குச் செங்குத்தாக நின்று, குறுக்கே ஓடும் வண்டிகள் நிற்பதைக் கேட்டு, எங்களுக்கு இணையாக நிற்கும் வண்டிகள் புறப்படும் அந்த முதல் உறுமலோடு சேர்ந்து இறங்குவோம். இதைக் குலைப்பவை மூன்று. 'ஃப்ரீ லெஃப்ட்': இடப்பக்கம் திரும்பும் வண்டி எப்போதும் நிற்காததால், பாதுகாப்பான நொடி என்று ஒன்று வருவதே இல்லை. வளைத்துக் கட்டிய மூலை: அங்கே விளிம்புக்குச் செங்குத்தாக நின்றால் முகம் சந்திப்பின் நடுவைப் பார்த்திருக்கும், நேராக நடப்பதாக நினைத்து நடுச் சந்திப்புக்குள் போய்விடுவோம். மூன்றாவது, மின்கல ஆட்டோவும் ஸ்கூட்டரும்: நின்று புறப்படும்போது சத்தமே இல்லை.

ஒலி சிக்னல் வைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஏதோ ஓரிடத்திலிருந்து பீப் என்று கத்தினால் எந்தப் பக்கம் பச்சை என்று தெரியாது. காத்திருக்கும்போது மெதுவான தட்டல், கடக்கும்போது வேகமான தட்டல், ஒலி எதிர்க்கரையிலிருந்தும் வர வேண்டும், சுற்றுச் சத்தத்துக்கேற்பத் தானே கூடிக் குறைய வேண்டும், பொத்தானுக்கு அடியில் அதிரும் முனை வேண்டும். காது கேளாத பார்வையற்றவருக்கு அந்த அதிர்வு மட்டும்தான் சிக்னல். நேரக் கணக்கும் வேண்டும்: 15 மீட்டர் சாலைக்கு 15 நொடி, அதோடு ஒலி மாறியதை உறுதி செய்து இறங்க 3 நொடி.

பேருந்துக்கு வருவோம். சாதாரண நகரப் பேருந்தில் எங்களுக்குப் பயணச்சீட்டு இலவசம். எந்தப் பேருந்து என்று சொல்லத்தான் யாரும் இல்லை. மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் ஊர்ப் பெயரைக் கூவிக் கூவி ஆளேற்றும் வெளியூர் கண்டக்டர்களைச் சத்தம் என்று பலர் சலித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அதைவிடச் சிறந்த அணுகல் வசதி இன்றுவரை கிடைக்கவில்லை. நகரப் பேருந்தில் அது இல்லை. நிறுத்தத்துக்கு 20 மீட்டர் முன்னாலோ பின்னாலோ, சாலை நடுவிலோ வண்டி நிற்கிறது. எஞ்சின் சத்தத்தை வைத்துக் கதவைத் தேடிப் போவதற்குள் கிளம்பிவிடுகிறது. குறைபார்வை உள்ளவருக்கு ஓடும் எல்.இ.டி. எழுத்து உதவாது, பார்வை வட்டம் சுருங்கியவரின் கண் எழுத்தைப் பிடிப்பதற்குள் எழுத்து நகர்ந்துவிடும். கறுப்பில் மஞ்சளாக, நகராமல் நிற்கும் பெரிய எண் வேண்டும்.

ஏற்றிவிட உதவுகிறவர்கள் பெரும்பாலும் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அல்லது பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். இரண்டுமே விழவைக்கும். கைப்பிடிக் கம்பியில் எங்கள் கையைக் கொண்டுபோய் வைத்தால் போதும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். கூட நடக்க வேண்டுமென்றால் உங்கள் முழங்கைக்கு மேல் எங்களைப் பிடிக்கவிட்டு அரை அடி முன்னே நடக்க வேண்டும். உங்கள் உடம்பு படியில் ஏறுவதும் இறங்குவதும் எங்களுக்குக் கையிலேயே தெரியும். சில்லறை தரும்போது ஒவ்வொரு தாளாகச் சொல்லித் தர வேண்டும். 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் மூன்றுமே 66 மி.மீ. அகலம், நீளம் 142, 146, 150. அந்த 4 மி.மீ. வேறுபாட்டை ஓடும் பேருந்தில் விரலால் அளக்க முடியாது. ஓரத்தில் மேடாக அச்சிட்ட கோடுகள் (100-க்கும் 200-க்கும் நான்கு, 500-க்கு ஐந்து) சில மாதப் புழக்கத்தில் மழுங்கிவிடுகின்றன. ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட 'மணி' (MANI) செயலி தாளின் மதிப்பைச் சொல்லும். ஆனால் ஒரு கையில் குச்சி, ஒரு கையில் கம்பி என்றால் போனை எந்தக் கையால் எடுப்பது? இவை எல்லாம் கண்டக்டர், டிரைவர்களுக்கு அரை நாளில் சொல்லித்தரக்கூடியவை.

இனி வீட்டுக்குள். 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால் உலகம் அறிந்த ஊர் இது. மீட்கக்கூடிய பார்வையை மீட்பதில் மதுரை யாருக்கும் குறைந்ததில்லை. சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகளும் நீண்ட காலமாக இயங்குகின்றன. விடுபட்டிருப்பது அரசின் பக்கம். கண்நீர் அழுத்த நோயாலோ (கிளாக்கோமா), நீரிழிவால் விழித்திரை கெட்டோ பார்வை இழந்து, இனி மீளாது என்று உறுதியான ஒருவருக்கு, விழுக்காடு போட்டுச் சான்றிதழ் தருகிறீர்கள். சான்றிதழோடு அனுப்பிவிடுகிறீர்கள். நாளை காலையில் அவர் எப்படித் தேநீர் போடுவது, எப்படி மாத்திரை எடுப்பது என்று சொல்ல அந்த மேசைக்கு அடுத்த மேசை இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலோ கொட்டாம்பட்டிப் பக்கத்திலோ உள்ள ஒருவர், அப்படி ஒரு பயிற்சி உண்டென்றே தெரியாமல் திண்ணையில் பத்து வருடம் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பயிற்சி பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாத்திரத்தை அடுப்பின் நடுவில் வைத்துத் தடவிச் சரிபார்த்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். அடுப்புத் திருகில் 'சிம்' வரும் இடத்தில் எம்-சீல் துளி வைத்துவிட்டால் விரலுக்குத் தெரியும். குளிர்ந்த தண்ணீருக்கு டம்ளர் விளிம்புக்குள் விரல் நுனியை மடக்கி வைத்து ஊற்றலாம்; கொதிநீருக்கு விளிம்பில் மாட்டும், நிறைந்ததும் ஒலிக்கும் கருவி உண்டு. அரிவாள்மனை ஓரிடத்தில் நிலையாக நிற்பதால் கத்தியைவிடப் பலருக்கு வசப்படுகிறது. காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு டப்பாவுக்கு இரண்டு. வீட்டாருக்கும் பாடம் உண்டு: கதவு முழுதும் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுதும் மூடியிருக்க வேண்டும், பாதி திறந்த கதவுதான் நெற்றியை உடைப்பது, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வையுங்கள், இரக்கப்பட்டு எல்லாவற்றையும் நீங்களே செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் இரண்டு ஒலிப் பொத்தான்களையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைக் கொண்டுவர முடியும் என்பதுகூட, முதல் தடவை அமைப்புகளில் அதை இயக்கிக் காட்ட ஒருவர் வேண்டும் என்பதால் பலரை எட்டவில்லை.

குறைபார்வை உள்ளவர்களின் நிலை இன்னும் மோசம். குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும் ஒருவர் செய்தித்தாள் படிப்பார், எதிரில் உள்ள குழியில் விழுவார். அவர் கையில் குச்சியைப் பார்த்தால் 'கண்ணு தெரியுதே, எதுக்கு நடிக்கிற' என்கிறார்கள். படி விளிம்புகளில் 5 செ.மீ. அகலத்துக்கு மஞ்சள் பட்டை அடிப்பது இவர்களுக்காகத்தான். பெயிண்டும் பிரஷும் மட்டுமே செலவு.

சட்டத்தை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக்க விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு கெடு வைத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். அணுகல் தரம் என்பது விருப்பப்பட்டால் செய்யும் பரிந்துரை இல்லை, கட்டாயமாக்கப்பட வேண்டியது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அதைப் பரிந்துரையாக வைத்திருந்த விதி 15(1)-ஐச் செல்லாது என்றது. ஆகவே கீழே கேட்பவை சலுகைகள் இல்லை.

ஒரே அளவுக் குச்சி வாங்குவதை நிறுத்துங்கள். 105 முதல் 135 செ.மீ. வரை குறைந்தது ஐந்து அளவுகளில், உருளும் முனையும் ஆளுக்கு இரண்டு மாற்று முனைகளும் சேர்த்துக் கொள்முதல் செய்யுங்கள். உயரம் அளக்காமல் எவருக்கும் கொடுக்காதீர்கள். மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் ஒன்றியத்துக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற நடமாட்டப் பயிற்றுநரைச் சம்பளத்தோடு நியமித்து, வீட்டுக்கே சென்று கற்பிக்க வையுங்கள். தகுதியுள்ள பார்வையற்றவர்களையும் அதில் சேருங்கள். குச்சி கொடுத்த ஆறாம் மாதம் அது எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுங்கள். பயனாளி எண்ணிக்கையை அந்த அறிக்கையிலிருந்து எடுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வழங்கும் அதே நாளில், அதே வளாகத்தில், அவர் பெயரையும் ஊரையும் அந்த ஒன்றியப் பயிற்றுநருக்கு எழுத்துபூர்வமாக அனுப்பும் நடைமுறையைக் கொண்டுவாருங்கள். குறைபார்வைச் சான்று பெறுபவருக்கும் இது வேண்டும்.

ஓடு பதிக்கும் எந்தப் பணிக்கும் இறுதி பில் பாஸாகும் முன், வெண்கோலில் நடக்கும் இருவரும் குறைபார்வை உள்ள ஒருவரும் அந்தப் பாதையை முழுதும் நடந்து பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். நடப்பவருக்கு ஒரு நாள் ஊதியம் கொடுங்கள். இலவச ஆலோசனை வாங்கிப் பழக வேண்டாம். தோண்டி மூடுபவர் ஓட்டை அதே வகையில், அதே திசையில் பதித்துப் படம் அனுப்பும்வரை வைப்புத் தொகையைத் திருப்பித் தராதீர்கள். இப்போது தவறாகப் பதிந்திருக்கும் ஓடுகளை மாற்ற நிதி இல்லையென்றால், தடையில் போய் முட்டும் பகுதிகளை மட்டுமாவது உடனே பெயர்த்தெடுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் கதவு வந்து நிற்கும் இடத்தைப் புள்ளி ஓட்டால் குறியுங்கள். டிரைவர் அங்கேதான் நிறுத்த வேண்டும். வெளிப்புற ஒலிபெருக்கி வரும்வரை, வெண்கோலைப் பார்த்தால் எண்ணையும் போகும் ஊரையும் கண்டக்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை விடுங்கள். பணிமனைதோறும் அரை நாள் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தால் சொல்லித்தர நாங்கள் வருகிறோம்.

பாதசாரிகள் அதிகமுள்ள சந்திப்புகளில், பாதசாரி சிக்னல் விழும் நேரத்துக்காவது ஃப்ரீ லெஃப்ட்டை நிறுத்துங்கள். ஒலி சிக்னல் வாங்கும் முன் மாதிரி ஒன்றை எங்களிடம் காட்டுங்கள்.

திருவிழாப் பந்தல், ஃப்ளெக்ஸ், கொடிக்கம்பங்களுக்கு அனுமதி தரும்போது, நடைபாதையின் மேல் 2.2 மீட்டர் உயரத்துக்குக் கீழே கயிறோ பலகையோ வரக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்து, மீறினால் அன்றே அகற்றுங்கள்.

இந்த மடலுக்கு 30 நாளுக்குள் பதில் கேட்கிறோம்: எதை, எந்தத் தேதிக்குள், எந்த அலுவலர் செய்வார் என்று. பதிலைக் கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்த படமாக அனுப்பாதீர்கள். எங்கள் திரைவாசிப்பான் அதை வெற்றுப் பக்கம் என்றே சொல்லும். வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தாலும் உளறும். யூனிகோடில் அனுப்புங்கள், நாங்களே படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதுரை மாவட்டத்தின் பார்வையற்றோர், குறைபார்வையுள்ளோர், நடமாட்டப் பயிற்றுநர்கள் சிலர்